பிறந்த நாளும் பிரபு வேஷமும்

இப்பொழுது இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய தேசங்களில் கையில் நாலு காசு உள்ள குடும்பத்தார் தங்கள் குழந்தைகளின் பிறந்த நாளை வெறும் பலகாரத்தோடும் பாட்டோடும் முடித்துவிடுவதில்லை. அதற்கு ஒரு வேஷம் கட்டுகிறார்கள். கடல் கொள்ளைக்காரன் வேஷம், காட்டு மிருக வேஷம், ஆகாய யாத்திரை வேஷம் என்பதாக எத்தனையோ வேஷங்கள் இருந்தாலும், மவுசு குறையாமல் இருந்து வருபவைகளில் ஒன்று "மத்திய கால" வேஷமாகும். அதாவது, சுமாராகக் கி.பி. 500 முதல் 1500 வரை என்று சொல்லப்படும் காலத்து ஐரோப்பாவை ஒரு மாலைப் பொழுதுக்கு வீட்டுக் கொல்லையில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுவதாகும்.

இதற்காக அவர்கள் செய்கிற ஏற்பாடுகள் கொஞ்சமல்ல. காகிதத்தைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கி, ஓரங்களை நெருப்பில் கருக்கி, அரக்கு முத்திரை வைத்து அழைப்புச் சீட்டு அனுப்புகிறார்கள். அட்டையினால் கோட்டை வாசல் கட்டுகிறார்கள். குழந்தைகள் குதிப்பதற்காகக் காற்றடைத்த கோட்டை ஒன்றை வாடகைக்குப் பிடித்து வருகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளித்தாள் கவசமும் மரக்கத்தியும். பெண் பிள்ளைகளுக்குக் கூம்புத் தொப்பியும், சல்லாத் துணியும், காகிதக் கிரீடமும். பிறந்த நாள் குழந்தைக்கு ஒரு சிம்மாசனம். வந்த பையன்கள் ஒவ்வொருவராய் அதன் முன் மண்டியிட, கத்தியால் இரண்டு தோளையும் தொட்டு "இன்று முதல் நீ நைட்" என்று பட்டம் கொடுக்கிறார்கள். நைட் என்றால் குதிரையேறிச் சண்டை செய்யும் பிரபு. கடைசியில் கோட்டை வடிவமாகச் செய்த கேக்கை வெட்டித் தின்றுவிட்டுக் கலைகிறார்கள்.

"குழந்தைகள் ஒரு நாள் வேஷம் போட்டுக் குதிப்பதில் உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று சிலர் கேட்கக்கூடும். குழந்தைகள் குதிப்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. குதிக்கட்டும், இன்னும் உயரமாகவே குதிக்கட்டும். கேக்கு தின்பதிலும் ஆட்சேபணை இல்லை. நாம் கேட்பதெல்லாம் கத்தியையும் கிரீடத்தையும் கடையில் வாங்கிக் குழந்தையின் கையில் கொடுக்கிற பெற்றோர்களைத்தான். இந்த வேஷம் யாருடைய வேஷம்? இதைக் கட்டிக்கொண்டு குழந்தை என்ன பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் நிதானமாய்ப் பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

எல்லோரும் பிரபுக்களா?

விருந்துக்கு 20 குழந்தைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுவோம். பத்து நைட், பத்து ராஜகுமாரி. நல்லது. உழுதவன் யார்? அறுத்தவன் யார்? கோட்டைக்குக் கல் சுமந்தவன் யார்? பிரபுவின் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவள் யார்? அந்த 20 பேரில் ஒருவர்கூட இல்லை. இதுதான் இந்த வேஷத்தின் முதல் பொய்.

உண்மைக் கணக்கு என்னவென்றால், அந்தக் காலத்தில் பிரபு வம்சத்தார் என்போர் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான். இங்கிலாந்தை ஜெயித்த வில்லியம் அரசன் 1086-ம் வருஷத்தில் தன் தேசத்து நிலத்தையும் ஆட்களையும் மாடுகளையும் கணக்கெடுத்து "டூம்ஸ்டே" என்ற பெரிய கணக்குப் புஸ்தகம் எழுதி வைத்தான். அதில் கண்ட ஆட்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினர் அடிமைகள் என்றே எழுதப்பட்டிருக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் "வில்லின்" முதலிய பெயர்களால் சொல்லப்பட்ட பண்ணையாட்கள். ஆகவே நியாயப்படி சீட்டுக் குலுக்கினால், அந்த 20 குழந்தைகளில் ஒன்றுக்காவது கிரீடம் விழுமோ என்பதே சந்தேகம்.

இந்த வில்லின் என்பவன் யார்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்ய வேண்டியவன். அறுப்புக் காலத்தில் அதற்கு மேலும் செய்ய வேண்டியவன். தன் தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்து, அரைத்ததில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியவன். தன் மகளுக்குக் கல்யாணம் செய்தால் பிரபுவுக்கு வரி கட்ட வேண்டியவன். செத்துப்போனால் அவன் வீட்டிலுள்ள மாடுகளில் நல்ல மாடாகப் பார்த்துப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். இரண்டாவது நல்ல மாட்டைப் பாதிரி ஓட்டிக்கொண்டு போவதும் உண்டு. உயிரோடு இருக்கும்போதோ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் என்று கோயிலுக்கு. உத்தரவில்லாமல் ஊரை விட்டுப் போகவும் முடியாது. ஓடிப்போய் ஒரு பட்டணத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் ஒளிந்து வாழ்ந்தால் விடுதலை என்று பல பட்டணங்களில் ஒரு வழக்கம் இருந்தது. மனிதன் மனிதனாவதற்கு ஒரு வருஷம் திருடனைப்போல் ஒளிந்திருக்க வேண்டிய அந்தக் காலத்தைத்தான் இன்று வண்ணக் காகிதம் ஒட்டி "அழகான காலம்" என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள்.

வேஷத்துக்கும் அன்று சட்டம் இருந்தது

இன்று இந்தப் பெற்றோர்கள் பட்டுத்துணி வாங்கலாமா, பளபளப்புத் துணி வாங்கலாமா என்று கடை கடையாக அலைகிறார்கள். இவர்கள் கொண்டாடுகிற அந்தக் காலத்தில் அவர்கள் பாட்டன் பூட்டன் பட்டுத்துணி உடுத்தியிருக்க முடியுமா? 1363-ம் வருஷத்தில் இங்கிலாந்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி, உழவன், வண்டிக்காரன், ஆட்டிடையன் முதலாகிய 40 ஷில்லிங் சொத்துகூட இல்லாதவர்கள் எல்லாம் கம்பளித் துணியும் முரட்டுத் துணியும் தவிர வேறு எதையும் உடுத்தக் கூடாது. இன்ன அந்தஸ்துக்காரன் இன்ன துணி, அவன் பெண்சாதி இன்ன முக்காடு, இன்ன ரோமம் என்று மேலிருந்து கீழ்வரை அளந்து எழுதி வைத்தார்கள். ஏழைக்கு உணவிலும் அளவு சொன்னார்கள். நடத்திக்காட்ட முடியாமல் இரண்டொரு வருஷத்தில் அச்சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள் என்றாலும், அதே மாதிரிச் சட்டங்கள் அடுத்த நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருந்தன.

ஆகவே, ஒரு தபால்காரர் மகளுக்கோ, ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் மகனுக்கோ இன்று ராஜகுமாரி உடுப்பும் நைட் உடுப்பும் மாட்ட முடிகிறதென்றால், அது மத்திய காலம் கொடுத்த பாக்கியமல்ல. மத்திய காலம் செத்துப்போனதால் கிடைத்த பாக்கியம். செத்துப்போனதற்கு நன்றி சொல்லவேண்டியவர்கள் அதற்குச் சிம்மாசனம் போட்டு உட்கார வைப்பது என்ன புத்திசாலித்தனம்?

பிறந்த நாள் யாருக்கு இருந்தது?

இன்னும் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். மத்திய காலப் பிறந்த நாள் விழா என்கிறார்களே, அந்தக் காலத்துச் சாதாரணக் குழந்தைக்குப் பிறந்த நாள் என்று ஒன்றை எழுதி வைத்தவர்கள் யார்? ஒருவரும் இல்லை. இங்கிலாந்தில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவைகளை ஊர்தோறும் கோயில் புஸ்தகத்தில் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு பிறந்ததே 1538-ல்தான். அதுவும் ஞானஸ்நானத்துக்குத்தானே அல்லாமல் பிறப்புக்கல்ல. சர்க்கார் பிறப்புப் பதிவு அங்கே 1837-ல்தான் ஆரம்பமாயிற்று.

அப்படியானால் பிறந்த தேதி யாருக்கு வேண்டியிருந்தது? அரசனிடமிருந்து நேராக நிலம் பெற்ற குடும்பத்தில் தகப்பன் இறந்து, வாரிசு சிறு பிள்ளையாய் இருந்தால், அந்தப் பிள்ளையையும் நிலத்தையும் அரசன் தன் கைவசம் எடுத்துக்கொள்ளுவான். பிள்ளையை வளர்க்கும் உரிமை, பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்கும் உரிமை இவைகளை மாடு விற்பதுபோல் வேறொருவனுக்கு விற்பதும் உண்டு. அந்தப் பையன் 21 வயதாகி நிலத்தைத் திரும்பக் கேட்கும்போதுதான் "உனக்கு வயது வந்துவிட்டதென்று நிரூபி" என்று விசாரணை நடக்கும். எழுதி வைத்த கணக்கு இல்லாததால் ஊரார் வந்து சாட்சி சொல்லுவார்கள். "அந்த வருஷம்தான் என் மகனும் பிறந்தான்", "அன்றுதான் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டேன்" என்கிற மாதிரியான சாட்சியங்கள் அந்த விசாரணைப் பத்திரங்களில் இன்றைக்கும் இருக்கின்றன.

பார்த்தீர்களா? நிலம் உள்ளவனுக்குத்தான் பிறந்த நாள், அதுவும் நிலத்துக்காக! நிலம் இல்லாதவன் பிறந்தது ஊர்க் கணக்கிலும் இல்லை, ஒருவர் கணக்கிலும் இல்லை. தவிரவும், பிறந்த குழந்தைகளில் பாதிக்கு நெருங்கிய பங்கு வயது வருவதற்குள் மண்ணுக்குள் போன காலம் அது. இன்றைக்குப் பத்து மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிற குழந்தை, அம்மை குத்திய மருத்துவத்தையும், சுத்தத் தண்ணீரையும், பிறப்புப் பதிவையும் அல்லவா வாழ்த்தவேண்டும்?

ராஜகுமாரிகளின் கதி

பெண் குழந்தைகளுக்கு ராஜகுமாரி கிரீடம் மாட்டுகிற தாய்மார்களே! நிஜமான ஒரு ராஜகுமாரியின் கதையைக் கேளுங்கள். பிரான்ஸ் அரசன் ஆறாம் சார்லஸின் மகள் இசபெல் 1389-ல் பிறந்தாள். இரண்டு தேசங்களும் சண்டையை நிறுத்திக்கொள்ளும் உடன்படிக்கைக்கு ஈடாக, 1396-ல் அவளை இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது நிறையவில்லை. அவனுக்கு 29 வயது. 1399-ல் ரிச்சர்டை இறக்கிவிட்டார்கள். 1400-ல் சிறையில் செத்தான். பத்து வயதில் அவள் விதவை. திரும்பவும் பிரான்சுக்கு அனுப்பி, 1406-ல் வேறொரு பிரபு குமாரனுக்குக் கட்டிவைத்தார்கள். 1409-ல் பிரசவத்தில் இறந்தாள். வயது 19.

இன்னொருத்தி மார்கரெட் போஃபர்ட். இங்கிலாந்தில் பெருத்த சொத்துக்கு வாரிசு. 1455-ல், 12 வயதில், எட்மண்ட் டூடர் என்பவனுக்கு மனைவியாக்கப்பட்டாள். அடுத்த வருஷமே அவன் மாண்டான். 1457 ஜனவரியில், 13 வயது விதவையாக, ஒரு பிள்ளையைப் பெற்றாள். அந்தப் பிள்ளைதான் பின்னால் ஏழாம் ஹென்றி அரசன். அதற்குப்பின் அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

ராஜகுமாரிகளுக்கே இந்தக் கதி என்றால் பண்ணையாள் மகளின் கதியைச் சொல்லவேண்டுமா? ஏழு வயதுப் பெண் ஒரு கேக்கின் முன் உட்கார்ந்து சிரிக்கும்போது அவள் தலையில் இருக்கும் கிரீடம், அதே வயதில் அரசியல் கடனுக்கு ஈடாக எண்ணிக் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் கிரீடம். இது தெரிந்தும் எந்தத் தாய் அதைத் தன் மகள் தலையில் வைப்பாள்? ஆகவே தெரியாமல்தான் வைக்கிறார்கள். தெரியச் செய்வதே நமது வேலை.

அரசன் கையில் மருந்து, பாதிரி கையில் தீர்ப்பு

அந்தக் காலத்து அறிவின் யோக்கியதையையும் சற்றுப் பார்க்கலாம். ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று தெரியவேண்டுமானால், காய்ச்சிய இரும்பை அவன் கையில் கொடுத்து நடக்கச் செய்வார்கள். கையைக் கட்டி வைத்து, மூன்று நாள் கழித்துப் பாதிரி அவிழ்த்துப் பார்ப்பார். புண் நன்றாய் ஆறிக்கொண்டு வந்தால் நிரபராதி, சீழ்ப்பிடித்தால் குற்றவாளி. கடவுளே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்! 1215-ல் ரோமாபுரியில் கூடிய மதசபை, இனிப் பாதிரிகள் இந்தக் காரியத்தில் சேரக்கூடாது என்று தடுத்த பிறகுதான் இது ஒழிய ஆரம்பித்தது. பாதிரி விலகினவுடனே கடவுளும் விலகிவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

கண்டமாலை நோயை அரசன் கையால் தொட்டால் தீரும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் நம்பினார்கள். அரசன் ஆண்டவனால் நியமிக்கப்பட்டவன் அல்லவா? இந்தப் பித்தலாட்டம் மத்திய காலத்தோடும் நிற்கவில்லை. 1712-ல் ஆன் ராணி, பின்னால் அகராதி எழுதிப் பேர்பெற்ற சாமுவேல் ஜான்சனை, அவர் சிறு குழந்தையாய் இருக்கும்போது தொட்டாள். நோய் தீரவில்லை, தழும்பு சாகும்வரை இருந்தது. விருந்தில் மரக்கத்தியால் தோளைத் தொட்டால் சாதாரணப் பையன் உயர்ந்தவனாகிறான் என்று காட்டுவது இந்தத் தொடுதலின் பேரப்பிள்ளைதான். தொடுவதனால் நோயும் போவதில்லை. தொடுவதனால் உயர்வும் வருவதில்லை.

அன்றே எதிர்த்தார்கள்

"அந்தக் காலத்து ஜனங்கள் அதை ஒப்புக்கொண்டுதானே வாழ்ந்தார்கள், நீங்கள் ஏன் அழவேண்டும்?" என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்பது பிரபுக்கள் எழுதிவைத்த கதை.

1348-ல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளை நோய் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. ஆள் குறைந்ததால் கூலி ஏறிற்று. உடனே 1351-ல் பார்லிமெண்டு கூடி, நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று சட்டம் செய்தது. அதன்மேல் தலைவரி போட்டார்கள். மூன்றாவது தடவை 15 வயதுக்கு மேற்பட்ட தலை ஒன்றுக்கு 12 பென்ஸ் என்று விதித்தபோது, 1381-ல் குடியானவர்கள் எழுந்தார்கள். ஜான் பால் என்ற ஏழைப் பாதிரி, பிரபுவும் பண்ணையாளும் பிறப்பிலே இல்லை என்று ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்து, அதற்காகச் சிறையில் கிடந்தவர். வாட் டைலர் என்பவர் தலைமையில் ஜனங்கள் லண்டனுக்குள் புகுந்து, பண்ணையாள் முறையை ஒழிக்கவேண்டும் என்று கேட்டார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் தேடித் தேடிக் கொளுத்தினது எதை? பண்ணைக் கணக்குப் புஸ்தகங்களை! "இன்னான் இன்னானுக்கு அடிமை" என்று எழுதியிருந்த தோல் சுருள்களை!

அப்போது அரசன் யார்? மேலே சொன்ன அதே இரண்டாம் ரிச்சர்டு. 14 வயதுப் பையன். விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாக வாக்களித்து, கூட்டத்தைக் கலைத்து, பிறகு வாக்கை வாபஸ் வாங்கினான். டைலர் பேச்சு வார்த்தை நடந்த இடத்திலேயே வெட்டப்பட்டார். ஜான் பால் தூக்கிலிடப்பட்டு நாலு துண்டாக்கப்பட்டார். பழுப்பாக்கி, ஓரம் கருக்கி, அரக்கு வைத்து அனுப்புகிறீர்களே அழைப்புச் சீட்டு, அது அந்தக் கணக்குச் சுருளின் சாயல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓரம் கருகியிருக்கிறது வாஸ்தவம்; முழுதும் எரிக்க முயன்றவர்களின் பெயர் மட்டும் விருந்தில் ஒருவர் வாயிலும் வருவதில்லை.

இந்த வேஷம் எங்கிருந்து வந்தது?

இனி, இவர்கள் காட்டுகிற மத்திய காலமாவது நிஜமா என்றால் அதுவும் இல்லை. 1819-ல் வால்டர் ஸ்காட் என்பவர் "ஐவன்ஹோ" என்ற நாவலை வெளியிட்டார். படித்த பிரபுக்களுக்கெல்லாம் நைட் பித்துப் பிடித்தது. 1839 ஜூலையில், வோட்டுரிமை கேட்டு 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளி ஜனங்கள் கையெழுத்திட்ட மனுவை இங்கிலீஷ் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. அடுத்த மாதமே ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் பிரபு பெரும் பணத்தைக் கொட்டிப் பழையகால ஈட்டிச் சண்டை வேடிக்கை நடத்தினார். கொட்டின மழையில் கவசமும் கொடியும் நனைந்து, பிரபுக்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜனங்கள் வோட்டு கேட்கிற சமயத்தில் பிரபுக்களுக்கு ஈட்டி ஞாபகம் வருவானேன் என்பதைத் தோழர்களே யோசித்துக்கொள்ளலாம்.

குழந்தைகளின் கேக்கில் நிற்கிற ஊசிக்கோபுரக் கோட்டை இருக்கிறதே, அதற்கு மாதிரி ஜெர்மனியில் பவேரியா அரசன் இரண்டாம் லுட்விக் 1869-ல் கட்ட ஆரம்பித்த நோய்ஷ்வான்ஸ்டைன் மாளிகை. ரயில் ஓடிய காலத்தில் கட்டினது. அதைப் பார்த்துத்தான் 1955-ல் அமெரிக்காவில் திறந்த டிஸ்னிலாந்து கேளிக்கைத் தோட்டத்தின் கோட்டையைச் செய்தார்கள். அதையே இன்று அட்டையிலும் சர்க்கரையிலும் செய்கிறார்கள். நிஜக் கோட்டையோ ஊரை அடக்கக் கட்டிய கல் சிறை. 1190-ல் யார்க் நகரத்துக் கோட்டையில் அடைக்கலம் புகுந்த சுமார் 150 யூதர்கள், வெளியே சூழ்ந்து நின்ற வெறிக்கூட்டத்தால் அங்கேயே மாண்டார்கள். விருந்து மேஜையில் "பழைய காலத்து உணவு" என்று வைக்கும் வான்கோழிக் காலும், உருளைக்கிழங்கும், தக்காளியும், சாக்கலேட்டும் 1492-க்கு முன் ஐரோப்பியன் கண்ணாலும் காணாதவை. அன்றைய பிரபுவின் மேஜையில் நிஜமாகவே இருந்தது நமது மலையாளக் கரை மிளகு. அது அரபு வர்த்தகர் கை மாறி, வெனிஸ் வர்த்தகர் கை மாறி, அங்கே போய்ச் சேர்ந்தது.

"விளையாட்டுத்தானே!" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அமெரிக்காவின் தென்பகுதியில் நீக்ரோ அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணைப் பிரபுக்களும் இதே விளையாட்டை விளையாடினார்கள். இன்ன ஊர் நைட், இன்ன ஊர் நைட் என்று பட்டம் வைத்துக்கொண்டு, குதிரைமேல் ஈட்டியால் வளையம் குத்தி, ஜெயித்தவன் ஒரு பெண்ணை ராணியென்று முடிசூட்டுவான். இந்த ஸ்காட் பித்து அந்த ஜனங்களின் புத்தியையே கெடுத்துவிட்டது என்று 1883-ல் மார்க் ட்வைன் என்ற அமெரிக்க ஆசிரியரே எழுதினார். 1915-ல் ஜார்ஜியாவில் திரும்ப ஆரம்பிக்கப்பட்ட கொலைகாரக் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன? "கூ க்ளக்ஸ் க்ளானின் நைட்டுகள்" என்பதே! பிறப்பினால் நான் உயர்ந்தவன் என்ற எண்ணம் விளையாட்டாய் நுழைந்து விளையாட்டாய் நிற்பதில்லை. இங்கிலாந்திலே 1999-ம் வருஷத்துச் சட்டம் வரும்வரையில், பிரபுவின் மகன் என்ற ஒரே யோக்கியதையால் நூற்றுக்கணக்கான பேர் பார்லிமெண்டில் உட்கார்ந்து சட்டம் செய்தார்கள் என்றால், அந்த எண்ணம் எவ்வளவு ஆழமாய் வேரோடியிருக்கிறது என்பது விளங்கும்.

நல்லது ஒன்றுமே இல்லையா?

உண்டு. இல்லையென்று நாம் சொல்லவில்லை. வானளாவிய கோயில்களைக் கட்டிய கற்றச்சர்கள் அந்தக் காலத்தவர்கள். ஆக்ஸ்போர்டிலும், பொலோன்யாவிலும், பாரிசிலும் கல்விக்கூடங்கள் தோன்றியது அந்தக் காலத்தில். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் ஒரு கைவினைக்காரன் மூக்குக்கண்ணாடி செய்தான். அவன் பெயர்கூட நிச்சயமாய் நிலைக்கவில்லை. மனிதனுக்குக் கண் கொடுத்தவன் பெயர் இல்லை. கண்ணைப் பிடுங்கினவன் பெயரெல்லாம் வம்சாவளியோடு இருக்கிறது! ஆகவே மத்திய காலத்தைக் கொண்டாடவேண்டுமானால் உழைத்தவர்களைக் கொண்டாடுங்கள். பிரான்சிலே, பர்கண்டிப் பகுதியில், கெடலோன் என்ற இடத்தில் 1997 முதல் பழையகால ஆயுதங்களைக் கொண்டே ஒரு கோட்டையைக் கட்டுகிறார்கள். கல்லுடைப்போர், கொல்லர், தச்சர், ஆள் மிதித்துச் சுற்றும் சக்கரத்தால் பாரம் தூக்குவோர் ஆகியவர்களைக் குழந்தைகள் நேரில் பார்க்கிறார்கள். அங்கே நடு இடத்தில் இருப்பது சிம்மாசனமல்ல, உளி. இதல்லவா படிப்பு!

நாம் சொல்லும் திட்டம்

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போகிறவர்கள் என்று நம்மை யாரும் சொல்லக்கூடாதாகையால், விருந்துக்கு நாமும் ஒரு திட்டம் சொல்லுகிறோம். செலவும் குறைவு.

வாசலில் ஒரு பானை வையுங்கள். அதில் 20 சீட்டு. ஒன்றில் பிரபு, ஒன்றில் பாதிரி, ஒன்றில் ஆலைக்காரன், ஒன்றில் காரியஸ்தன், மீதி 16-லும் பண்ணையாள். பிறந்த நாள் குழந்தையும் மற்றவர்களோடு நின்று சீட்டு எடுக்கட்டும். பண்ணையாள் ஒவ்வொருவனுக்கும் பத்து மிட்டாய் கொடுங்கள். அதில் பாதிரி ஒன்று, ஆலைக்காரன் ஒன்று, பிரபு நாலு, காரியஸ்தன் ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். பிரபுவின் முன் மிட்டாய் 64 குவியும்; உழைத்தவன் கையில் மூன்று நிற்கும். ஐந்து நிமிஷத்துக்குள் ஏதாவது ஒரு குழந்தை, "இது நியாயமில்லை!" என்று கத்தும். அந்தக் குழந்தைக்குத்தான் அன்று பட்டம் கொடுக்கவேண்டும்!

"ஏன் நியாயமில்லை?" என்று கேளுங்கள். "அவன் பிரபுச் சீட்டு எடுத்துவிட்டான், அவ்வளவுதானே, அவன் என்ன பெரியவன்?" என்று சொல்லும். "குழந்தாய், அந்தக் காலத்தில் சீட்டுக்கூட எடுக்கவில்லை; பிறப்பையே சீட்டாக்கிவிட்டார்கள்" என்று அப்போது சொல்லுங்கள். ஆயிரம் புஸ்தகம் படித்தாலும் ஏறாத பாடம் அந்த மிட்டாய்க் கணக்கில் ஏறிவிடும். பிறகு எல்லோருமாய்ச் சேர்ந்து பண்ணைக் கணக்குச் சுருளைக் கிழித்து எறிந்து, மிட்டாயை ஒன்றாய்க் குவித்து, ஆளுக்கு எட்டாகச் சமமாய்ப் பங்கிட்டுக்கொள்ளட்டும். அதன் பின்பு மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு வளைவு கட்டச் சொல்லுங்கள். நடுக்கல்லை வைக்கும்வரை மற்றக் கற்கள் நிற்கா. மற்றக் கற்கள் இல்லாமல் நடுக்கல்லும் நிற்காது என்று கையால் தெரிந்துகொள்ளட்டும். கடைசியில் கேக்கை வெட்டுங்கள். கத்திக்கு அதுவே தகுந்த வேலை.

நமக்கு என்ன?

"வெள்ளைக்காரன் வீட்டுப் பிறந்த நாளைப்பற்றி நமக்கென்ன?" என்று நம் தோழர்கள் கேட்கலாம். முதலாவது, பிறவியினால் உயர்வு தாழ்வு என்பது எந்தத் தேசத்தில், எந்தப் பெயரில் இருந்தாலும் ஒரே நோய்தான். அதை ஒரு தேசத்துக் குழந்தைக்கு மிட்டாயில் வைத்துக் கொடுக்கும்போது மற்றத் தேசத்தார் பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. இரண்டாவது, சினிமாவும் கைத்தொலைபேசியும் வந்தபின் இந்தக் கிரீடமும் கோட்டைக் கேக்கும் நமது பட்டணங்களுக்கும் வந்துவிட்டன. உழுது பிழைத்தவர் பேத்திக்கு, தான் எந்த வம்சத்துக்கு உழைத்துக் கொட்டினாரோ அந்த வம்சத்தைப்போன்ற ஒரு வம்சத்தின் கிரீடத்தை, கடன் வாங்கியாவது மாட்டிப் படம் பிடித்துக்கொள்ளும் பெற்றோர்களை நாமே பார்க்கிறோம். "உன்னைவிட உயர்ந்தவன் ஒருவனும் இல்லை" என்று சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, "நீயும் ஒரு நாள் உயர்ந்தவன் வேஷம் போடலாம்" என்று சொல்லிக்கொடுப்பது சுயமரியாதை ஆகுமா?

குழந்தை பிறந்ததே பெருமை. அதற்கு வம்சப் பெருமை வேண்டியதில்லை. அது உயிரோடு வளர்ந்து, படித்து, தன் புத்தியால் நடந்து, பிறரைத் தாழ்த்தாமலும் பிறருக்குத் தாழாமலும் இருக்கிற நாளெல்லாம் நல்ல நாள்தான். ஆகவே தோழர்களே, உங்கள் குழந்தைகளின் பிறந்த நாளைத் தாராளமாய்க் கொண்டாடுங்கள். பாடுங்கள், ஆடுங்கள், அண்டை வீட்டுக் குழந்தைகளையெல்லாம், எந்தத் தெருக் குழந்தையானாலும், கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். ஆனால் அந்தப் பந்தியில் சிம்மாசனம் ஒன்று மட்டும் வேண்டாம். ஒரு குழந்தைக்குச் சிம்மாசனம் போட்டால், மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் மண்டியிடக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதை மறக்கவேண்டாம்.